சோலார் போடுததுக்கு முன்னாடி இதைப் பாத்துக்கோங்க

அண்ணாச்சி, மாடில சோலார் போடணும்னு கேக்கவங்க எல்லாரும் எத்தனை கிலோவாட்னுதான் முதல்ல கேக்காங்க, ஆனா ஆன்கிரிட், ஹைப்ரிட், ஆஃப்கிரிட்னு மூணுல எந்த டைப்புனு முடிவு பண்ணுததுதான் முக்கியம். ஆன்கிரிட்ல பேட்டரி கிடையாது, பகல்ல மிச்சமாகுத கரண்டு ஈபி லைனுக்குப் போயி உங்க பில்லுல கழியும், செலவும் கம்மி. ஆனா ஒண்ணு, கரண்டு கட்டாச்சுன்னா நல்ல உச்சி வெயில்லயும் ஃபேன் சுத்தாது, ஏன்னா லைன்ல வேலை பாக்க ஆளுக்கு ஷாக் அடிச்சிரக் கூடாதுன்னு, பேனல் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்துத இன்வெர்ட்டர் தானா நின்னுரும். இதை எங்க வீட்டுல மாட்டும்போது யாரும் சொல்லவே இல்ல, பொறவுதான் தெரிஞ்சுது.

பாளையங்கோட்டை மாதிரி டவுன்ல, கரண்டு அவ்வளவா போகாதுன்னா ஆன்கிரிட்டே போதும். அடிக்கடி போகுத ஊரு, வீட்டுல வயசானவங்க இருக்காங்கன்னா, ஈபி லைனும் பேட்டரியும் சேந்த ஹைப்ரிட் போடுங்க, பேட்டரிக்குத் தனியா துட்டு ஆகும்தான், ஆனாலும் ராத்திரி நிம்மதியா தூங்கலாம். லைனே இல்லாத தோட்டத்து வீட்டுக்கு மட்டும், பேட்டரிய மட்டும் நம்பி ஓடுத ஆஃப்கிரிட்.

1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி வேணும், நல்ல வெயில்ல ஒரு நாளைக்கு 4 யூனிட் கிட்ட வரும். தென்காசி பக்கம் சாரல் சீசன்ல கம்மியாத்தான் வரும், அதையும் கணக்குல வைங்க.

மத்திய அரசு மானியம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபா, அது ஈபி லைனோட சேந்த சிஸ்டத்துக்குத்தான். பக்கத்து வீட்டுத் தென்னை ஓலை நிழல் சாயங்காலம் எங்கன விழுதுன்னு மாடில நின்னு பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க.