தாகசாந்திப் பந்தல் தொண்டர்களுக்குப் பொறுப்புக் குறிப்பு எழுதுவது எப்படி?

முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு உங்கள் சனசமூக நிலையம் தாகசாந்திப் பந்தல் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். "எல்லாரும் எல்லாத்தையும் பாருங்கோ" என்று விட்டால் பாதிப் பேர் சர்பத் கரைக்கிற இடத்திலேயே நிற்பார்கள். குடித்த கப் வீதியெல்லாம் கிடக்கும். ஆளுக்கொரு குறிப்பு எழுதிக் கொடுங்கள், அரைப் பக்கம் போதும்.

படி 1: வேலையைப் பிரியுங்கள். தண்ணீர் நிரப்புதல், கரைத்தல், பரிமாறல், கப் பொறுக்கல். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வையுங்கள். "உதவித் தொண்டர்" என்ற பெயரை வைத்து என்ன செய்வதென்று யாருக்கும் விளங்காது.

படி 2: கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடியதாக எழுதுங்கள். "சுகாதாரம் பேணல்" வேண்டாம். இப்படி எழுதலாம்:

பொறுப்பு: தண்ணீர் பார்ப்பவர்
நேரம்: மாலை 4 முதல் 8 வரை
செய்வது: கொதித்தாறிய நீர் மட்டும். டிரம் கால்வாசிக்கு இறங்கமுன் அடுத்ததை நிரப்புவது. மூடி எப்போதும் மூடியிருக்கவேண்டும். உள்ளே கைவிடக்கூடாது, குழாயால்தான் எடுப்பது.
கேட்கவேண்டிய ஆள்: பந்தல் பொறுப்பாளர் (பெயர், தொலைபேசி எண்)
முடிவு: 8 மணிக்கு வருபவரிடம் நிலவரம் சொல்லிக் கையளிப்பது.

படி 3: செய்யக்கூடாததையும் எழுதுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கென்றால் குறிப்பில் முக்கியமான பகுதியே இதுதான். ஆர்வமுள்ள பிள்ளைகள் வீதியில் இறங்கி வாகனங்களை மறிப்பார்கள். அது பொலிஸின் வேலை. வெயிலில் மயங்கி நினைவில்லாமல் கிடப்பவரின் வாயில் தண்ணீர் ஊற்றப் பார்ப்பார்கள், அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். "தண்ணீர் பருக்காதே. முதலுதவிக்காரரைக் கூப்பிடு, அவர்கள் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸுக்கு எடு" என்று பச்சையாக எழுதுங்கள். நன்கொடை என்று யாராவது காசு நீட்டினால் யாரிடம் அனுப்புவது என்பதும் இங்கேதான் வரவேண்டும். பிறகு கதை வராது.

படி 4: நேரத்தை ஆளைக் கேட்டுப் போடுங்கள். சிறுபோகம் செய்கிறவர் காலையில் வயலுக்குத் தண்ணி கட்டப் போய்விடுவார். இரவு நிற்கிறவர்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், எப்படி வீடு திரும்புவது என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

படி 5: புதிதாக வந்த ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்து, "டிரம் முடியப் போகுது, இப்ப என்ன செய்வியள்?" என்று கேளுங்கள். அவர் முழித்தால் அந்த வரியைத் திருத்துங்கள். சரி என்றால் ஒரு பிரதியை அவரிடம் கொடுத்து, இன்னொன்றை பிளாஸ்டிக் உறையில் போட்டு டிரம்முக்குப் பக்கத்தில் கட்டிவிடுங்கள்.