வீட்டுத் தானியக்க ஆர்வலர்கள் கூடும்போது: காட்சி மேசைகளை அமைக்கும் முறை

கோயம்புத்தூரில் ஒரு சிறு கூடத்தில் வீட்டுத் தானியக்க ஆர்வலர்கள், அதாவது வீட்டு விளக்கு, மோட்டார் போன்றவற்றைக் கைபேசியாலோ சென்சாராலோ இயக்குவதில் நாட்டமுள்ளவர்கள், முப்பது பேர் கூடியிருந்தபோது, நிகழ்ச்சி தொடங்கி இருபது நிமிடத்துக்குள் மின்சாரம் நின்றுவிட்டது. பத்து நிமிடம் கழித்து அது திரும்பியதும், ஒரு மேசையில் இருந்த ஐந்து விளக்குகளும் யாரும் தொடாமலே முழு வெளிச்சத்தில் எரிந்தன. பக்கத்து மேசையில் ஒன்றுகூட எரியவில்லை. மூன்றாவது மேசையில் மட்டும் முன்பு எரிந்துகொண்டிருந்தவை எரிந்தன, அணைந்திருந்தவை அணைந்தே இருந்தன. அன்று மாலை வரை எல்லாரும் இதைப் பற்றியே பேசினார்கள். நள்ளிரவில் மின்சாரம் வந்து படுக்கையறை விளக்கு பளிச்சென்று எரிய, குழந்தை அலறி விழித்த அனுபவம் பலருக்கும் இருந்தது. அது கருவியின் அமைப்பில் மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்று என்பது பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கவில்லை. அதன் பிறகு நான் ஏற்பாடு செய்யும் எந்தச் சந்திப்பிலும் மின்சாரத்தை நாங்களே நிறுத்திக் காட்டுகிறோம். கருவி வேலை செய்வதைக் கடைக்காரரே காட்டிவிடுவார். அது எப்போது கைவிடும், கைவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்பதைப் பார்ப்பதற்குத்தான் ஆர்வலர்கள் கூட வேண்டியிருக்கிறது.

இடம், நேரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முப்பது பேருக்கு ஐந்து அல்லது ஆறு மேசைகள் போதும். காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடலாம். மேசைக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். ஒரு மேசையில் ஒரே ஒரு பொருளைப் பற்றிய பேச்சுத்தான் நடக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. வெக்கை மட்டும் இதற்குக் காரணம் அன்று. ஆள் நடமாட்டத்தை அறியும் பி.ஐ.ஆர். சென்சார், உடலின் வெப்பத்துக்கும் சுற்றியுள்ள சுவரின் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டே ஆளை அறிகிறது. அறையின் வெப்பம் 35 டிகிரியைத் தொடும்போது அந்த வேறுபாடு குறைந்து, சென்சார் மந்தமாகிவிடும். நம் ஊரில் இதை விலைக்கு வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய குறை இது என்பதால், யாராவது கோடையில் எடுத்த காணொளி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால் நல்ல பயன் தரும்.

காட்சிக்கான பலகையைத் தயாரிப்பதற்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். மூன்றடிக்கு இரண்டடி அளவில் ப்ளைவுட் பலகை ஒன்றை எடுத்து, வீட்டுச் சுவரில் இருப்பதைப் போலவே ஒரு மாடுலர் சுவிட்ச் பெட்டி, அதில் இரண்டு சுவிட்சுகள், ஒரு பிளக் பாயின்ட், மேலே இரண்டு எல்.இ.டி. பல்புகள் என்று பொருத்துங்கள். பெட்டியின் முன்மூடி கண்ணாடிபோல் தெரியும் அக்ரிலிக் தகடாக இருந்தால், உள்ளே ஃபேஸ், நியூட்ரல், எர்த் கம்பிகள் எப்படிப் போகின்றன, சுவிட்சுக்குப் பின்னால் கட்டளை வந்ததும் மின்சுற்றை இணைத்துத் துண்டிக்கும் சிறிய ரிலே மாட்யூல் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதைப் பார்வையாளர் நேரில் காணலாம். வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தபின் மாட்யூல் உள்ளே அடங்கவில்லை என்று திகைக்கும் நிலை இதனால் பலருக்குத் தவிர்க்கப்படும். பலகையின் நுழைவாயிலில் மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்கும் 6 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்றும், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். இது 230 வோல்ட் மின்சாரம். கூட்டத்துக்குள் குழந்தைகளும் வருவார்கள். திறந்த முனையம் ஒன்றுகூட இல்லாதபடி மூடிய பின்னரே பிளக்கைச் செருகலாம் என்பதில் நான் யாருக்கும் விலக்கு அளிப்பதில்லை.

நியூட்ரல் கம்பியைப் பற்றிய விளக்கம் இந்தப் பலகையில் அவசியம் இடம்பெற வேண்டும். இணையத்தில் படிக்கும் அமெரிக்க, ஐரோப்பியக் குறிப்புகளில் ‘சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் இருக்காது’ என்ற எச்சரிக்கை திரும்பத் திரும்ப வருவதால், நம்மவர்கள் தேவையில்லாமல் நியூட்ரல் வேண்டாத வகை சுவிட்சுகளை அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள். நம் வீடுகளில் பெரும்பாலான சுவிட்ச் போர்டுகளில் ஒரு பிளக் பாயின்ட் சேர்ந்தே இருப்பதால், நியூட்ரல் ஏற்கெனவே பெட்டிக்குள் வந்திருக்கும். மாடிப்படி விளக்குக்கான இருவழி சுவிட்ச் போன்ற தனிப் பெட்டிகளில்தான் அது இல்லாமல் போகும். நியூட்ரல் இல்லாத வகை, தனக்கு வேண்டிய சிறிதளவு மின்சாரத்தை விளக்கு வழியாகவே இழுத்துக்கொள்கிறது. அதனால் அணைத்த பிறகும் 5 வாட் எல்.இ.டி. பல்பு மங்கலாக மினுங்கிக்கொண்டிருக்கும். பலகையில் ஒரு சுவிட்சை இந்த வகையில் பொருத்தி, கூடத்தின் விளக்கை ஒரு நிமிடம் அணைத்துவிட்டு அந்த மினுங்கலைக் காட்டினால், அதற்குமேல் விளக்கம் எதுவும் தேவைப்படாது.

அடுத்தது அலைவரிசை. முப்பது பேர் கூடும் கூடம் கம்பியில்லாக் கருவிகளுக்கு மிகக் கடினமான இடம். வைஃபை, புளூடூத், வீட்டுக் கருவிகளுக்கான கம்பியில்லா முறைகளான ஜிக்பீ, த்ரெட் ஆகிய நான்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையையே பகிர்ந்துகொள்கின்றன. வீட்டில் மாதக்கணக்கில் ஒழுங்காக இயங்கிய பல்பு இங்கே வந்து பதில் சொல்லாமல் நின்றால், அதைக் கொண்டுவந்தவருடைய முகம் வாடிவிடும். ஆகவே கூடத்தின் வைஃபையை நம்பாமல், சொந்த ரவுட்டர் ஒன்றைக் கொண்டுபோய் அதை 1-ஆம் சேனலில் நிலைநிறுத்துங்கள்; ஜிக்பீ வலையை 25-ஆம் சேனலில் வையுங்கள்; இரண்டும் பட்டையின் எதிர்முனைகளில் இருப்பதால் மோதிக்கொள்ளாது. வந்திருப்பவர்களிடம் கைபேசி ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடும்படி தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஜிக்பீ அலைகளைப் பிடிக்கும் சிறு யு.எஸ்.பி. துண்டான டாங்கிளை, ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியிலோ மடிக்கணினியிலோ நேரடியாகச் செருகாமல், ஒரு மீட்டர் நீள யு.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பியில் தள்ளி வைக்க வேண்டும், யு.எஸ்.பி. 3 துளைகள் வெளியிடும் இரைச்சல் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுவதால், டாங்கிளின் காது அடைத்துப்போகிறது. கருவிகளை இணைக்கும் வேலை முழுவதையும் முந்தைய நாளே முடித்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் கொண்டுவந்த, இசட்-வேவ் என்ற வேறொரு கம்பியில்லா முறையில் இயங்கும் கருவிகளை யாராவது எடுத்துவருவார்கள். இந்தியாவில் இதற்கு 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையான உரிமம் தேவைப்படாத பட்டையே பயன்படுகிறது. அமெரிக்கக் கருவி இயங்கும் 908 மெகாஹெர்ட்ஸ் இங்கே கைபேசிச் சேவைக்கு ஒதுக்கப்பட்ட பகுதியில் விழுகிறது. அவற்றைக் கூடத்தில் இயக்க அனுமதிக்கக் கூடாது. பெட்டியின் பின்புறத்தில் அச்சிட்ட அதிர்வெண்ணைப் பார்த்து வாங்கக் கற்றுக்கொடுப்பதற்கு மட்டும் அதை மேசையில் வைத்துக்கொள்ளலாம்.

இனி இந்தச் சந்திப்பின் மையத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு மேசையும் மூன்று சோதனைகளைத் தாங்கிக் காட்ட வேண்டும்.

முதலாவது, இணையத் துண்டிப்பு. ரவுட்டருக்குள் வரும் இணையக் கம்பியைப் பார்வையாளர் ஒருவரையே பிடுங்கச் சொல்லுங்கள். கைபேசிச் செயலியில் விரலை வைத்தவுடன் எரிந்த விளக்கு இப்போது எரிகிறதா? எரியவில்லை என்றால், வரவேற்பறை விளக்கைப் போடுவதற்கான கட்டளை எங்கோ தொலைதூரத்தில் உள்ள சர்வருக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது என்று பொருள். இது வெறும் தாமதத்தைப் பற்றிய குறை அன்று. அமெரிக்காவில் ரிவால்வ் என்ற ஹப்பை (வீட்டுக் கருவிகளை ஒன்றாக இணைத்து இயக்கும் பெட்டி), அந்த நிறுவனத்தை 2014-இல் வாங்கிய நெஸ்ட், 2016 மே மாதத்தில் நிறுத்தியபோது, சுமார் 300 டாலர் கொடுத்து வாங்கிய பெட்டிகள் ஒரே நாளில் பயனற்றுப்போயின. வீட்டுத் தானியக்கக் கருவிகள் விற்ற இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பின்றி நின்றன. அங்கே சுவிட்சுகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசும்படி அமைந்திருந்ததால் சுவரில் இருந்தவை தொடர்ந்து வேலை செய்தன, செயலி மட்டும் செத்தது. சில மாதங்களுக்குள் அதன் பயனர்களில் ஒரு குழுவினரே அந்த நிறுவனத்தின் சொத்துகளை வாங்கி மீண்டும் இயக்கினார்கள். இந்த இரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துச் சொன்னால், 2013-இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் போன்ற திறமூல மென்பொருளை வீட்டுக்குள்ளேயே ஒரு சிறிய கணினியில் வைத்து இயக்குவதற்கு ஏன் இவ்வளவு பேர் மெனக்கெடுகிறார்கள் என்பது புதியவர்களுக்கு விளங்கும். 2022 அக்டோபரில் வெளிவந்த, வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான மேட்டர் நெறிமுறையும் கருவிகளை வீட்டு வலைக்குள்ளேயே இயக்கும் வகையில்தான் வகுக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது, மின் துண்டிப்பு. எம்.சி.பி.யைக் கீழே தள்ளி, ஒரு நிமிடம் காத்திருந்து, மீண்டும் மேலே தள்ளுங்கள். மேசைப் பொறுப்பாளர் கையில் நிறுத்தற்கடிகாரம் இருக்க வேண்டும். விளக்கு சுவிட்சுக்குக் கட்டுப்பட எத்தனை நொடி, ஹப் எழுந்து நிற்க எத்தனை நொடி என்பதைக் கரும்பலகையில் எழுதிவைக்க வேண்டும். ‘மின்சாரம் திரும்பியதும் என்ன நிலை’ என்ற அமைப்பு கருவியின் செயலியில் எங்கே இருக்கிறது என்பதையும் அங்கேயே திறந்து காட்டுங்கள். அடிக்கடி மின்சாரம் போகும் ஊரில் மெமரி கார்டில் இயங்கும் கணினி ஒருநாள் கெட்டுப்போகும் என்பதால், காப்புப் பிரதி எடுத்து வேறொரு கார்டில் ஏற்றி இயக்கிக் காட்டுவதும் பத்து நிமிடத்தில் முடியக்கூடிய நல்ல பாடம்.

மூன்றாவதை நான் பாட்டி சோதனை என்று சொல்வேன். கைபேசியே இல்லாத ஒருவர் அறைக்குள் வந்து சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிய வேண்டும், மறுபடி தட்டினால் அணைய வேண்டும். பல்புக்குள்ளேயே மூளை வைத்த வகைகள் இதில்தான் தோற்கின்றன. சுவரில் யாரோ சுவிட்சை அணைத்துவிட்டால் அந்தப் பல்பு வலையிலிருந்தே மறைந்துவிடுகிறது. வீட்டுப் பெரியவர்கள் யாரையாவது சந்திப்புக்கு அழைத்துவந்து, எந்த விளக்கமும் கொடுக்காமல் பலகையின் முன் நிறுத்துங்கள். என் அம்மா ஒருமுறை தொடுசுவிட்சைப் பார்த்துவிட்டு, ‘இதுல எந்தப் பக்கம் அமுக்கணும்?’ என்று கேட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தட்டும் சுவிட்சுகளை மாற்றும் பேச்சே எழவில்லை. ரிலே மாட்யூல் மட்டும் அவற்றின் பின்னால் போயிற்று.

கூட்டம் அதிகம் சேரும் மேசை எப்போதும் தண்ணீர் மோட்டார் மேசைதான். சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்கு நீர் ஏற்றும் வீடுகள் நிறைந்த ஊரில் அது இயல்பு. இரண்டு வாளிகள், 12 வோல்ட் சிறு பம்பு ஒன்று, மிதவை சுவிட்ச் ஒன்று, எதிரொலியைக் கொண்டு தூரத்தை அளக்கும் மீயொலி அளவி ஒன்று ஆகியவற்றைக் கொண்டு முழு அமைப்பையும் மேசையிலேயே காட்டிவிடலாம். மீயொலி அளவிகளில் நீர்புகா வகை பலவற்றுக்கு முதல் 20 சென்டிமீட்டர் தெரியாது. ஆகவே தொட்டி நிறையும் மட்டத்துக்கு மேல் அவ்வளவு இடைவெளி விட்டுப் பொருத்த வேண்டும் என்பதை வாளியில் நீரை உயர்த்தியே காட்டலாம். இந்த மேசையில் நான் தவறாமல் வைப்பது ஒரு பழைய ரிலே. ‘16 ஆம்பியர்’ என்று அச்சிடப்பட்ட அதை நம்பி ஒரு நண்பர் 1 எச்.பி. மோட்டாரை நேரடியாக இணைத்திருந்தார். ஓடும்போது அந்த மோட்டார் ஐந்தாறு ஆம்பியர்தான் எடுக்கும். ஆனால் கிளம்பும் கணத்தில் அதைப்போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். மூடியை அறுத்துத் திறந்த அந்த ரிலேயில், கடுகளவு வெள்ளித் தொடுமுனைகள் இரண்டும் கறுத்து உருகி ஒன்றாக ஒட்டியிருப்பதைக் காணலாம். ரிலே அணைந்துவிட்டதாகச் செயலி சொல்லிக்கொண்டிருக்க, மோட்டார் நிற்காமல் ஓடி, தொட்டி இரவெல்லாம் வழிந்தது. மோட்டாருக்கு, ரிலே ஆனது பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்சான கான்டாக்டரைத்தான் இயக்க வேண்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்க வேண்டும். அதோடு, சென்சார் என்ன சொன்னாலும் இத்தனை நிமிடத்துக்கு மேல் ஓடக் கூடாது என்ற உச்சவரம்பும், சம்ப்பில் நீரில்லாதபோது நிறுத்தும் பாதுகாப்பும் இருந்தே தீர வேண்டும். இவை இல்லாத அமைப்பை மேசையில் வைக்க அனுமதிக்காதீர்கள்.

மின்விசிறியைப் பற்றி ஒரே ஒரு குறிப்பு: ரிமோட்டுடன் வரும் பி.எல்.டி.சி. (தூரிகையில்லா மோட்டார் கொண்ட) விசிறியை மின்னணு ரெகுலேட்டர் வழியாக இணைக்கக் கூடாது. அதற்கு முழு மின்சாரத்தையும் விட்டு, அகச்சிவப்புக் கட்டளைகளை அனுப்பும் கருவியால் வேகத்தை மாற்ற வேண்டும்.

விற்பனையாளர்கள் வரலாம், அவர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் விதி ஒன்றே. ஒவ்வொரு பொருளின் முன்னும் ஓர் அட்டையில் கொடுத்த விலை, பயன்படுத்திய மாதங்கள், நெறிமுறை, நியூட்ரல் தேவையா, இணையமின்றி எவை வேலை செய்யும், இதுவரை ஏற்பட்ட கோளாறு ஆகியவை கையால் எழுதப்பட்டிருக்க வேண்டும். கோளாறு என்ற இடத்தை வெறுமையாக விட்ட அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பகுதி எலக்ட்ரீசியன்கள் இருவரையாவது அழைத்து, அவர்களின் நேரத்துக்குக் கூலி கொடுத்து உட்காரவையுங்கள். கடைசி அரைமணி நேரத்தில், வந்தவர்கள் தங்கள் சுவிட்ச் பெட்டியைத் திறந்து எடுத்த படத்தை அவர்களிடம் காட்டி, எது பொருந்தும், எது பொருந்தாது என்று கேட்கலாம்.

படம் எடுப்பவர்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். மேட்டர் கருவிகளின் மீது ஒட்டப்பட்டுள்ள கியூ.ஆர். குறியும் 11 இலக்க எண்ணும்தான் அவற்றை இணைப்பதற்கான சாவி. காட்சிக்கு முன் அவற்றின் மேல் காகிதப் பட்டையை ஒட்டிவிடுங்கள். உங்கள் வீட்டின் நேரடி நிலையைத் திரையில் காட்டாதீர்கள். கதவு பூட்டியிருக்கிறதா, வீட்டில் யாரும் இல்லையா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். பழைய பதிவுகளை நீக்கிய தனி மாதிரி வீடு ஒன்றை மென்பொருளில் உருவாக்கிக் கொண்டுபோவதற்கு ஒரு மாலை போதும்.

முடிந்ததும் முதலில் பலகைகளின் பிளக்கை எடுங்கள், பிறகு கம்பிகளைச் சுருட்டுங்கள். இரவல் வாங்கிய கருவிகளைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்த பின்னரே உரியவரிடம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் ரவுட்டரின் கடவுச்சொல் அதற்குள்ளேயே போய்விடும். கரும்பலகையில் எழுதிய நொடிக் கணக்குகளைப் படமெடுத்து அனைவருக்கும் அனுப்பிவிட்டு, கூடத்தின் எம்.சி.பி.களும் சுவிட்சுகளும் காலையில் இருந்த நிலைக்கு வந்துவிட்டனவா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்த பிறகு சாவியை ஒப்படையுங்கள்.