அடுப்பே இல்லாமல் பாலியெஸ்டர் ரெசினை இறுகவைப்பது எப்படி?

கண்ணாடியிழைப் படகுகளுக்குப் பூசும் திரவப் பிளாஸ்டிக்தான் பாலியெஸ்டர் ரெசின். அதை இறுகவைக்கும் பெராக்சைடை மட்டும் கலந்தால் அது இறுகச் சூடு வேண்டும். பென்சாயில் பெராக்சைடு என்றால் ஏறக்குறைய 80 டிகிரி. தெலுக் பஹாங்கில் கரையேற்றிய படகின் ஓட்டையை அடைக்க அடுப்பை எங்கே தூக்கிக்கொண்டு போவது? சூட்டின் வேலை பெராக்சைடை உடைப்பது, உடைந்தால்தான் ரெசின் இறுகும். அந்த வேலையைக் கோபால்ட் பார்த்துக்கொள்ளும். எம்இகேபி (மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு) என்ற ஹார்ட்னரை அது பினாங்கின் 30 டிகிரியிலேயே உடைக்கிறது. உடைத்தபின் தீர்ந்துபோகாமல் பழைய நிலைக்குத் திரும்பி மறுபடி உடைப்பதால் துளியளவே போதும்.

ஒன்று: டின்னைத் திறந்து நிறம் பாருங்கள். இளஞ்சிவப்போ ஊதாவோ தெரிந்தால் பெரும்பாலும் கோபால்ட் கலந்தே வந்திருக்கிறது. லேபிளிலும் உறுதிசெய்துகொண்டு அடுத்த படியை விட்டுவிடலாம்.

இரண்டு: 500 கிராம் ரெசினில் 6 சதவீதக் கோபால்ட் கரைசல் 1 கிராம் ஊற்றி, நிறம் ஒரே சீராகும்வரை கலக்குங்கள். அடுத்த படிக்கு வேண்டிய 200 கிராமுக்கென்று தனியாக 0.4 கிராம் நிறுக்கப் பார்க்காதீர்கள், தராசு ஏமாற்றும்.

மூன்று: அதிலிருந்து 200 கிராம் எடுத்து, 2 கிராம் எம்இகேபி சேருங்கள். கோப்பையின் அடியையும் ஓரத்தையும் வழித்து ஒரு நிமிடம் கலக்கினால் இளஞ்சிவப்பு மங்கிப் பழுப்புப் பச்சையாகும். கோடுகோடாக நிறம் நின்றால் இன்னும் கலங்கவில்லை.

கோபால்ட்டும் எம்இகேபியும் ஒருபோதும் நேரடியாகச் சேரக்கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டுக்கும் ஒரே சிரிஞ்ச், ஒரே குச்சி வேண்டாம். எம்இகேபி ஒரு சொட்டுத் தெறித்தாலும் கண்பார்வை போகலாம். கண்ணாடி, கையுறை கட்டாயம். பட்டுவிட்டால் உடனே 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவி, கையோடு மருத்துவமனைக்குப் போங்கள்.

நான்கு: கலந்ததும் கண்ணாடியிழைப் பாயில் மெல்லப் பரப்புங்கள். ரெசினைப் பொறுத்து 10 முதல் 25 நிமிடத்தில் கூழாகிவிடும். கோப்பையிலேயே விட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் நூறு டிகிரியைத் தாண்டிப் புகைந்து வெடிப்பு விடும்.

மதிய வெயிலில் சீக்கிரம் இறுகுகிறதே என்று பலர் ஹார்ட்னரை அரை சதவீதத்துக்குக் குறைக்கிறார்கள். அது தவறு. பெராக்சைடு போதாமல் உள்ளே பாதி வெந்த நிலையிலேயே நின்றுவிடும், நாள்பட விட்டாலும் தேறாது. 1 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல், கலக்கும் அளவைக் குறையுங்கள். இல்லையென்றால் காலையிலேயே வேலையை முடியுங்கள்.

மேற்பரப்பு மட்டும் பிசுபிசுத்தால் பயம் வேண்டாம், காற்றிலுள்ள ஆக்சிஜன்தான் தடுக்கிறது. மேலே இன்னொரு அடுக்கு போடுவதென்றால் அந்தப் பிசுபிசுப்பு நல்லது, அடுக்குகள் கெட்டியாகப் பிடிக்கும். கடைசி அடுக்குக்கு மட்டும் மெழுகு கலந்த ரெசின் வாங்குங்கள்.