லேப்டாப் போனாலும் ஃபைல்கள் போகாமல் இருக்க

சென்னையிலிருந்து மதுரைக்கு இரவு ரயில். விழுப்புரம் தாண்டியதும் தூங்கிவிட்டேன். திண்டுக்கல்லில் விழித்தால் தலைமாட்டில் வைத்திருந்த பையைக் காணோம். லேப்டாப் போன வருத்தம் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. உள்ளே இருந்த ஆதார், பான் ஸ்கேன்கள் யார் கையில் இருக்கின்றனவோ என்ற பயம்தான் லேசில் விடவில்லை.

"பாஸ்வேர்ட் போட்டிருந்தேனே" என்று நானும் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஃபைல்கள் பதிந்திருக்கும் டிஸ்கான எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால், அது உங்கள் விண்டோஸ் பாஸ்வேர்டைக் கேட்கவே கேட்காது. அதனால் பூட்டு, சங்கிலி வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

படி 1: டிஸ்கை என்கிரிப்ட் செய்வது

என்கிரிப்ட் என்றால் சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி ஃபைல்களைக் குறியீடாக மாற்றிவிடுவது. விண்டோஸ் 11 ஹோம் என்றால் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிவைஸ் என்கிரிப்ஷன் என்று போய் ஆன் செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்திருக்க வேண்டும். சில புது லேப்டாப்களில் ஏற்கெனவே ஆன் ஆகியிருக்கும். ப்ரோ பதிப்பில் இதையே பிட்லாக்கர் என்று தேடிப் பிடிக்கலாம். மேக்கில் இதன் பெயர் ஃபைல்வால்ட். அந்த மெனுவே உங்கள் விண்டோஸில் இல்லையென்றால் வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

இனி டிஸ்கைக் கழற்றினாலும் படிக்க முடியாது. ஆனால் லேப்டாப்பை அப்படியே ஆன் செய்தால் உங்கள் பின் நம்பர்தான் காவல். 1234, பிறந்த வருடம் எல்லாம் வேண்டாம்.

படி 2: 48 இலக்கச் சாவி

அவசரப்பட்டு இதைத் தாண்டிப் போகாதீர்கள். மதர்போர்டு மாற்றினாலோ, சில சமயம் பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தாலோகூட, விண்டோஸ் திடீரென்று 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். அது இல்லையென்றால் திருடனுக்கு என்ன கதியோ அதே கதிதான் உங்களுக்கும்.

மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று ஃபோனில் உள்நுழைந்து பாருங்கள். ஃபோனிலிருந்துதான் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டே லேப்டாப் பிரௌசரில் மட்டும்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரியவரும். அப்புறம் ஒரு தாளில் எழுதி வீட்டு பீரோவில் வையுங்கள். லேப்டாப் பையிலேயே செருகி வைக்கும் புத்திசாலிகளும் உண்டு!

படி 3: பேக்கப்

என்கிரிப்ஷன் அடுத்தவரைத்தான் தடுக்கும், ஃபைலைத் திருப்பித் தராது. முக்கியமானவற்றை வாரம் ஒரு முறை வெளி ஹார்ட் டிஸ்கிலும், கூகுள் டிரைவ் மாதிரி ஏதாவது ஒன்றிலும் ஏற்றுங்கள். அந்த ஹார்ட் டிஸ்க் வீட்டிலேயே இருக்கட்டும்.

படி 4: ஃபைண்ட் மை டிவைஸ்

இதுவும் அதே பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில்தான். ஆன் செய்து வையுங்கள், பெரிதாக நம்ப வேண்டாம். லேப்டாப் ஆன் ஆகி நெட்டில் சேர்ந்தால்தான் இடம் தெரியும். எந்தத் திருடன் உங்களுக்காக வைஃபை தேடப் போகிறான்?

படி 5: வெளியில் போகும்போது

பயணத்தில் ஸ்லீப் போடாமல் ஷட் டவுன் செய்யுங்கள். காபி வாங்க எழுந்தால் விண்டோஸ் கீயையும் எல் கீயையும் சேர்த்து அழுத்துங்கள், திரை பூட்டிக்கொள்ளும். ரயிலில் கீழ் பெர்த்துக்கு அடியில் பெட்டியைக் கட்ட வளையம் இருக்கும். ஒரு சங்கிலியும் பூட்டும் வாங்கினால் போதும்.

படி 6: போயே விட்டால்

முதலில் ஃபோனிலிருந்து மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றி, தொலைந்த லேப்டாப்பை எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேற்றுங்கள். வங்கி பாஸ்வேர்ட் அடுத்து. ஓடும் ரயில் என்றால் 139-ஐ அழைக்கலாம். டிடிஇயிடமே எஃப்ஐஆர் படிவம் வாங்கி எழுதிக் கொடுக்கலாம், பயணத்தை முறிக்க வேண்டியதில்லை.

ஃபோனை அதன் ஐஎம்இஐ அடையாள எண்ணை வைத்து அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்குவது போல லேப்டாப்பை முடக்க வழியில்லை. புகாரில் எழுத உங்களிடம் இருப்பது சீரியல் நம்பர் ஒன்றுதான். இப்போதே லேப்டாப்பைத் திருப்பி, அடியில் இருக்கும் அந்த ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடை பில்லையும் சேர்த்து.