குடிக்கத் தோன்றினால் முதலில் பேனா

மது குடிக்க வேண்டும் என்ற வேட்கை எழுந்த உடனே, சட்டைப்பை நோட்டில் மணி, இடம், உடனிருப்பவர், மனநிலை ஆகியவற்றை எழுதுங்கள். ‘மாலை 6.40, பஸ் நிறுத்தம், தனியாக, நல்ல பசி, எரிச்சல்’. இவ்வளவு போதும், இலக்கியம் வேண்டாம்.

வேட்கை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டுத் தானாகவே தணியும். எழுதுவது அந்த நேரத்தைக் கடத்த உதவும். சில வாரம் கழித்துப் புரட்டினால் எந்த வேளை, எந்தத் தெரு, யாருடைய அழைப்பு என்பது பிடிபடும். பசிதான் தூண்டுகிறது என்றால் ஐந்து மணிக்கே சுண்டல் சாப்பிட்டுவிடலாம். பழைய குடிக்கதைகளை மட்டும் ரசித்து எழுதாதீர்கள், ஆசை கிளறும்.

நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தியதும் கைநடுக்கம், குழப்பம், வலிப்பு வந்தால் நோட்டு உதவாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இந்தியாவில் போதை மீட்பு ஆலோசனைக்குக் கட்டணமில்லா எண் 14446.