யூகேல வீடு பாக்கறீங்களா? பாய்லர் பைப்பு வெளிய எங்க முடியுதுன்னு பாத்துட்டு கையெழுத்து போடுங்க

யூகேக்கு புதுசா வந்து வாடகை வீடு தேடற நம்ம ஆளுங்களுக்காக எழுதறேன். ஈவிசா, நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர், ஜிபி (ஏரியா டாக்டர்) ரிஜிஸ்ட்ரேஷன், கவுன்சில் டாக்ஸ் இதெல்லாம் எல்லா வாட்ஸப் குரூப்லயும் ஓடி தேஞ்சு போச்சு, சாவி கைக்கு வந்த அன்னிக்கே கேஸ், கரண்ட் ரெண்டு மீட்டரையும் போட்டோ எடுத்துருங்க, அது போதும். யாருமே பேசாத விஷயம் ஒண்ணு இருக்கு, அது பாய்லரோட ஃப்ளூ, அதாவது புகைக்குழாய்.

ஊர்ல கெய்சர் சுவிட்ச போட்டா சுடுதண்ணி, வேல முடிஞ்சுது. இங்க கிச்சன் சுவத்துல வெள்ளையா ஒரு பெட்டி தொங்கும், ரேடியேட்டர் சூடாகறதும் குழாய்ல சுடுதண்ணி வர்றதும் அதுலேர்ந்துதான், உள்ள குளிர்காலம் பூரா கேஸ் எரிஞ்சுகிட்டே இருக்கும். எரிஞ்ச புகை வெளிய போயே ஆகணும். சரியா எரியலன்னா கார்பன் மோனாக்சைடு வரும். அதுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. சிலிண்டர் லீக் ஆனா மூக்கு சொல்லிரும்னு பழகின நமக்கு இதுதான் பெரிய ஆபத்து, ஏன்னா இது வந்தா மூக்குக்கு தெரியவே தெரியாது. ரத்தத்துல ஹீமோகுளோபினோட ஆக்சிஜன விட 200 மடங்குக்கும் மேல இறுக்கமா ஒட்டிக்கும்.

பேப்பர் வேலைய சீக்கிரமா சொல்லிடறேன். வீட்டு ஓனர் வருஷா வருஷம் கேஸ் சேஃப் ரிஜிஸ்டர்ல (கேஸ் வேலை பாக்க அனுமதி உள்ளவங்க பட்டியல்) இருக்கற இன்ஜினியர வச்சு பாய்லரையும் ஃப்ளூவையும் செக் பண்ணணும், இது 1998ம் வருஷத்து கேஸ் சேஃப்டி ரெகுலேஷன்ஸ் படி சட்டம். அந்த சர்டிபிகேட்ட சிபி12ன்னு சொல்வாங்க. நீங்க குடி போறதுக்கு முன்னாடியே காப்பி கொடுத்தாகணும். செக் பண்ண வர்றவரோட ஐடி கார்ட முன்பக்கம் மட்டும் பாக்காதீங்க, பின்னாடி திருப்பினா எந்தெந்த வேலைக்கு அவருக்கு தகுதி இருக்குன்னு போட்டிருக்கும், அதுல பாய்லர் இருக்கணும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். என் நண்பன் கிழக்கு லண்டன்ல ஒரு வீடு எடுத்தான், ஓனரும் தமிழ்காரர்தான். சிபி12 இருந்துச்சு, தேதியும் சரியா இருந்துச்சு. ஆனா அந்த செக் முடிஞ்சதுக்கு அப்புறம் ஓனர் பின்பக்க சந்த பிளாஸ்டிக் ஷீட் போட்டு மேல மூடி, கதவும் வச்சு, துணி காயப்போட தோதா ஒரு லீன்-டு, அதாவது வீட்டு சுவத்தோட ஒட்டின ஷெட், ஆக்கிட்டாரு. வெளிய திறந்த வெளில இருந்த ஃப்ளூ முனை அந்த ஷெட்டுக்குள்ள மாட்டிக்கிச்சு. சர்டிபிகேட்ல பழைய நிலைமை, சுவத்துல புது நிலைமை.

இது ஏன் ஆபத்துன்னு கொஞ்சம் பொறுமையா படிங்க. இப்ப இருக்கற பாய்லர்கள்ல பெரும்பாலும் குழாய்க்குள்ள குழாயா இருக்கும், உள்குழாய் வழியா புகை வெளிய போகும், வெளிக்குழாய் வழியா எரியறதுக்கு வேண்டிய காத்து உள்ள வரும். திறந்த வெளில இது அருமையான ஏற்பாடு, வீட்டுக்குள்ள இருக்கற காத்த தொடவே தொடாது. ஆனா முனைய மூடின இடத்துல வச்சா பாய்லர் தான் விட்ட புகையவே திரும்ப இழுக்க ஆரம்பிக்கும், அதுல ஆக்சிஜன் கம்மி, அதனால அரைகுறையா எரியும், கார்பன் மோனாக்சைடு ஏறும், அது திரும்ப உள்ள போயி இன்னும் மோசமா எரியும். ஷெட்ல தேங்கினது கிச்சன் கதவு இடுக்கு வழியா வீட்டுக்குள்ள வரும்.

நண்பன் வேலைக்கு போயிருவான், அவனுக்கு ஒண்ணும் தெரியல. வீட்ல கைக்குழந்தையோட இருந்த அவன் மனைவிக்குத்தான் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வர்ற மாதிரி. ஜிபி கிட்ட போனா வைரல்னு சொல்லி பாரசிட்டமால். வெளிய கடைக்கு போனா தெளிஞ்சுரும், வீட்டுக்கு வந்தா திரும்ப ஆரம்பிக்கும். ஊர் நினைப்பு, தனிமை, குளிர் ஒத்துக்கலன்னு நாங்க எல்லாரும் ஆளாளுக்கு ஆறுதல் சொன்னோம். ஒரு நாள் ராத்திரி நல்ல குளிர், ஹீட்டிங் நிக்காம ஓடிருக்கு, கிச்சன்ல இருந்த அலாரம் கத்த ஆரம்பிச்சுது. ஓனருக்கு ஃபோன் பண்ணா, "அது பேட்டரியா இருக்கும் தம்பி, கழட்டி வச்சுட்டு தூங்குங்க"ன்னாரு. குழந்தை தூங்கற வீட்ல அலாரத்த கழட்டி வச்சுட்டு தூங்க சொல்றாரு! இத எழுதும்போது கூட எனக்கு ஆத்திரம் அடங்கல.

நல்லவேளை அவன் மனைவி கேக்கல, குழந்தைய தூக்கிட்டு வெளிய வந்துட்டா. எமர்ஜென்சில வந்தவங்க கேஸ ஆஃப் பண்ணிட்டாங்க, அடுத்து வந்த இன்ஜினியர் ஷெட்டுக்குள்ள ஃப்ளூவ பாத்த உடனே 'இமீடியட்லி டேஞ்சரஸ்', அதாவது உடனடி ஆபத்துன்னு சீட்டு ஒட்டிட்டாரு. ஷெட்ட பிரிக்க ஓனர் இழுத்தடிச்சாரு, அதுவரைக்கும் ஹோட்டல் செலவு, ப்ளக் ஹீட்டர் செலவு எல்லாம் நண்பன் தலைல. நம்ம மொழி பேசறாரு, அட்வான்ஸ் விஷயத்துல விட்டுக்கொடுக்கறாருன்னு நம்பி போற வீட்லதான் இந்த மாதிரி ஷெட், கராஜ மாத்தின ரூம், பெர்மிஷன் இல்லாத எக்ஸ்டென்ஷன் எல்லாம் நான் அதிகமா பாக்கறேன், சொல்ல கஷ்டமா இருக்கு ஆனா உண்மை. அதுக்காக மத்த ஓனருங்க எல்லாம் யோக்கியம்னு சொல்லல.

அதனால வீடு பாக்க போனா முதல்ல பாய்லர் எந்த சுவத்துல இருக்குன்னு பாருங்க, அப்புறம் வெளிய போயி அந்த சுவத்துக்கு மறுபக்கம் நில்லுங்க. ஃப்ளூ முனை கண்ணுக்கு தெரியணும், மேல வானம் தெரியணும். கண்ணாடி போட்டு அடைச்ச பால்கனிக்குள்ள முடிஞ்சா வேண்டாம். திறக்கற ஜன்னல்லேர்ந்தும் ஏர் பிரிக்லேர்ந்தும் (காத்து வர சுவத்துல வச்ச ஓட்டை செங்கல்) 300 மில்லிமீட்டராவது தள்ளி இருக்கணும். குளிர்நாள்ல வெள்ளையா ஆவி வந்தா பயப்படாதீங்க, கண்டென்சிங் பாய்லர் (புகையோட சூட்டையும் உறிஞ்சிக்கற வகை) எல்லாமே அப்படித்தான் விடும், அந்த ஆவி பக்கத்து ஜன்னலுக்குள்ள போகுதான்னு மட்டும் பாருங்க. பாய்லர் மேலயோ அத சுத்தியோ மஞ்சளா, கருப்பா கறை இருந்தா கண்டிப்பா கேளுங்க.

ஃபிளாட்னா இன்னொண்ணு. பாய்லர் நடுவுல இருந்து ஃப்ளூ சீலிங்குக்கு மேல மறைவா ஓடிச்சுன்னா, சீலிங்ல திறந்து பாக்கற மாதிரி ஹேட்ச் இருக்கணும். உள்ள ஒரு ஜாயின்ட் கழண்டா வெளிய யாருக்கும் தெரியாது, அதுக்குத்தான். 2013 ஜனவரிலேர்ந்து ஹேட்ச் இல்லன்னா அத 'அட் ரிஸ்க்' (ஆபத்து வர வாய்ப்பு இருக்கு)னுதான் எழுதுவாங்க.

பழைய வீடுங்கள்ல ரூம் காத்த எடுத்து எரியற கேஸ் ஃபயர் (ரூம சூடாக்கற கேஸ் ஹீட்டர்) இருக்கும், அதுக்குன்னு சுவத்துல ஓட்டை விட்டிருப்பாங்க. குளிர் காத்து வருதுன்னு அதுல துணிய வச்சு அடைக்காதீங்க, டேப் ஒட்டாதீங்க. அடைச்சா புகை ரூமுக்குள்ளயே திரும்பும்.

இங்கிலாந்துல 2022 அக்டோபர் 1லேர்ந்து பாய்லர் இருக்கற ரூம்ல கார்பன் மோனாக்சைடு அலாரம் வைக்கறது ஓனர் பொறுப்பு, கேஸ் அடுப்புக்கு மட்டும் விதிவிலக்கு. ஆனா அந்த அலாரம் கம்மி அளவுக்கு கத்தாது, 50 பிபிஎம் (பத்து லட்சத்துல 50 பங்கு) இருந்தா கூட ஒரு மணி நேரத்துக்கு மேல எடுத்துக்கும், அதனால அலாரம் சும்மா இருக்குன்னு தலைவலிய தள்ளிப் போடாதீங்க. ஓனர் வச்சது போக சொந்தமா ஒண்ணு வாங்கி படுக்கற ரூம்ல வைங்க, பிஎஸ் இஎன் 50291னு தர நம்பர் போட்டிருக்கணும், பின்னாடி மாத்த வேண்டிய வருஷமும் இருக்கும்.

கத்திச்சுன்னா பாய்லர ஆஃப் பண்ணிட்டு கதவு ஜன்னல திறந்துட்டு எல்லாரும் வெளிய வாங்க, வெளிய நின்னு கேஸ் எமர்ஜென்சி நம்பர் 0800 111 999க்கு கூப்பிடுங்க, ராத்திரி எத்தன மணியானாலும் எடுப்பாங்க. யாராவது மயங்கிட்டா 999. ஜிபி கிட்டயோ ஆஸ்பத்திரிலயோ "கார்பன் மோனாக்சைடா இருக்குமோன்னு சந்தேகம்"னு வாய விட்டு சொல்லி ரத்த டெஸ்ட் கேளுங்க, உடனே கேளுங்க, ஏன்னா நல்ல காத்துல இருந்தா சில மணி நேரத்துலயே ரத்தத்துல அளவு இறங்கிரும், அப்புறம் டெஸ்ட்ல ஒண்ணும் காட்டாது. ஓனர் சரி பண்ண மாட்டேன்னா கவுன்சில் என்விரான்மென்டல் ஹெல்த்துக்கும் எச்எஸ்இக்கும் (ஹெல்த் அண்ட் சேஃப்டி எக்ஸிக்யூட்டிவ், அரசு பாதுகாப்பு அமைப்பு) இன்ஜினியர் கொடுத்த சீட்டோட போட்டோவ வச்சு மெயில் போடுங்க.