வீட்டு வளவில் பழைய காருக்கு ஸ்பிரே பெயின்ற்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் ஒரு மொரிஸ் மைனரோ ஒஸ்ரின் ஏ40 காரோ இன்று கைக்குக் கிடைக்கிறதென்றால், அது எத்தனையோ பாடுகளைத் தாண்டி வந்த வண்டியாகத்தான் இருக்கும். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியிருக்கும். இடம்பெயர்வுகளில் சாமான் சுமந்திருக்கும். அதைத் தன் கையாலேயே பெயின்ற் அடித்து மீட்க வேண்டும் என்பது நல்ல ஆசை. செய்யவும் முடியும். ஆனால் கெட்டுப்போகும் வேலைகளில் பெரும்பாலானவை ஸ்பிரே கன்னைக் கையில் எடுப்பதற்கு முன்னரே கெட்டுவிடுகின்றன. அநேகமாக அதற்குக் காரணம் ஈரம். வரண்ட பிரதேசம்தானே, இங்கே ஏது ஈரம் என்று நினைப்பதுதான் முதல் தவறு.

தகரத்தின் நிலையைப் பார்க்காமல் பெயின்ற் வாங்க ஓடாதீர்கள். சிறிய காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி, கதவுகளின் அடிப்பகுதி, முன் மட்காட்டின் பின்விளிம்பு, வாசற்படி ஓரம் என்று மெதுவாக நகர்த்துங்கள். காந்தம் பிடிக்காமல் வழுக்குகிற இடத்தில் இருப்பது தகரம் அல்ல, பள்ளத்தை நிரப்பத் தடிப்பாகப் பூசிய பட்டி (பிற்றி). போர்க்கால எறிகணைச் சிதறல் துளைகளைக்கூட வெளியிலிருந்து பட்டியால் அடைத்துவிட்டு ஓடிய வண்டிகள் உண்டு. பட்டி ஈரத்தை உறிஞ்சும் பொருள். துளையின் பின்பக்கத்தால் வரும் ஈரத்தை அது வாங்கி வைத்துக்கொள்ளும். சில மாதங்களில் புதுப் பெயின்ற் கொப்புளிக்கும். பட்டியைச் சுரண்டி எடுத்து, துருவை வெட்டி, புதுத் தகரம் வைத்து ஒட்டுவிக்க வேண்டும். ரிங்கரிங் (தகரம் வெட்டி ஒட்டும்) வேலையில் மிச்சம் பிடித்த காசைப் பிறகு இரண்டு மடங்காகக் கொடுக்க வேண்டிவரும்.

இதே காரணத்தால், பட்டி பூசிய இடத்தைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கக் கூடாது. முதலில் 80, பிறகு 180 இலக்க அரத்தாளால் உலர்வாகவே தேயுங்கள். அதன்மேல் பிறைமர் (பெயின்றுக்கு முன் அடிக்கும் முதற் பூச்சு) அடித்து, அது நன்றாகக் காய்ந்த பின்னரே 400, 600 இலக்கத் தாள்களோடு தண்ணீருக்குப் போகலாம். அந்தத் தண்ணீரையும் கவனியுங்கள். எங்கள் கிணறுகள் பலவற்றில் உவரும் சுண்ணாம்பும் அதிகம். கேத்தலின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிவதுபோல, தண்ணீரிலுள்ள உப்பு தேய்த்த தகரத்திலும் காய்ந்து படியும். அதன்மேல் பெயின்ற் அடித்தால் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டேயிருக்கும், சிறு சிறு கொப்புளங்கள் எழும்பும். மாரியில் பிடித்து வைத்த மழைநீரால் கடைசிக் கழுவலைச் செய்யுங்கள். இதற்குச் செலவே இல்லை, ஆனாலும் செய்பவர்கள் மிகக் குறைவு.

மண்ணெண்ணெயால் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்குப் போய்விடும் என்ற நம்பிக்கை இங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. எஞ்சின் பாகத்துக்கு அது சரி. பெயின்ற் அடிக்கப்போகும் தகரத்தில் அது மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். பெயின்ற் அந்த இடங்களில் விலகிக் குழி குழியாக நிற்கும். பெயின்ற் கடையில் இதற்கென்றே விற்கும் எண்ணெய் நீக்கியை ஒரு துணியால் பூசி, அது உலருமுன் வேறொரு சுத்தமான துணியால் துடைத்தெடுங்கள். தேய்ப்பதற்கு முன் ஒரு தடவை, அடிப்பதற்கு முன் ஒரு தடவை.

பழைய பெயின்றின் மேலேயே அடிக்க நினைத்தால், தின்னரில் நனைத்த துணியால் மறைவான ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். நிறம் கரைந்து துணியில் ஏறினால் அது லேக்கர். சுருங்கினாலோ அசையாமல் இருந்தாலோ எனாமலாக இருக்கலாம். எனாமலின் மேல் லேக்கர் அடித்தால் அடிப்பூச்சு சுருண்டு எழும்பும். இன்னொன்று: அந்தக் காலப் பெயின்றுகளில் ஈயம் இருந்தது. பிள்ளைகள் விளையாடும், கோழிகள் கிளறும் முற்றத்தில் அதை உலர்வாகத் தேய்த்துத் தூளாக்காதீர்கள்.

மட்காட்டைக் கழற்றாமல் அடிப்பதும் பரவலான தவறு. மொரிஸ் மைனரின் மட்காட்டுகள் நட்டுப் போட்டுப் பூட்டியவை; உடலுக்கும் அவற்றுக்கும் இடையே ஒரு மெல்லிய நாடா (பைப்பிங்) ஓடும். கழற்றி அடித்துவிட்டு, பூட்டும்போது புது நாடாவை வையுங்கள்.

காலத்துக்கு வருவோம். ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி. தை, மாசியில் காலையில் பனி, பகலில் அறுவடைத் தூசியும் பதரும். வைகாசி தொடங்கினால் புரட்டாதி வரை சோளகம் புழுதியை வாரி இறைக்கும். மிஞ்சுவது பங்குனியும் சித்திரையும். அதிலும் வெயில் ஏறுமுன் உள்ள காலைப்பொழுது. பனி ஈரம் காயுமுன் லேக்கர் அடித்தால் பூச்சு வெளிறிப்போகும். நடுப்பகலில் சூடேறிய தகரத்தில் அடித்தால் பெயின்ற் பரவுமுன்னரே காய்ந்து, தோடம்பழத் தோலைப்போலச் சொரசொரக்கும். எங்கள் வெக்கைக்கு மெதுவாக உலரும் தின்னரைக் கேட்டு வாங்குங்கள். மாலையில் விளக்குப் போட்டு அடித்தால் பூச்சி எல்லாம் பெயின்றில்தான்.

கொம்பிரசர் காற்றை அமுக்கும்போது காற்று சூடாகும். அது ஆறும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகிவிடும். தண்ணீர் வடிகட்டியைத் தாங்கியின் வாயிலேயே பூட்டினால் சூடான காற்று ஈரத்தோடு அதைக் கடந்து போய், குழாயில் ஆறித் தண்ணீராகி, கன் வழியாகக் காரில் துப்பும். 7 அல்லது 8 மீற்றர் குழாய்க்குப் பிறகு வடிகட்டியை வையுங்கள். தாங்கியின் அடிக்குழாயை நாளாந்தம் திறந்து வடியுங்கள். கன்னைத் தகரத்திலிருந்து 15 முதல் 20 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்து, மணிக்கட்டை வளைக்காமல் கையை நேராக நகர்த்துங்கள். ஒவ்வொரு வரியும் முந்திய வரியின் பாதியை மூட வேண்டும். முதலில் பழைய தகரத் துண்டொன்றில் பழகுங்கள்.

இனிச் சொல்வதை மட்டும் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். கடைக்காரர் '2கே பெயின்ற்தான் மினுங்கும்' என்பார். மினுங்கும்தான். ஆனால் 2கே என்பது ஹார்ட்னர் என்ற இறுக்கியைக் கலந்து அடிக்கும் இருபாகப் பெயின்ற். அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேற் என்ற இரசாயனம் இருக்கிறது. அடிக்கும்போது எழும் அதன் தூவலைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே மூச்சை அடைக்கும். ஆபத்தான அளவு வந்துவிட்டதை மணம் காட்டிக்கொடுக்காது. கொரோனாக் காலத்து முகக்கவசமோ வாயில் கட்டிய சறமோ அதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தக் காற்றைக் குழாயால் கொடுக்கும் முகமூடிதான் இதற்குச் சரியான பாதுகாப்பு. அது இல்லாதவர், அதுவும் வீட்டில் குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும்போது, 2கே பக்கம் போகவே கூடாது. லேக்கர் அல்லது எனாமல் போதும். அந்தக் காலத்துக் கார்களுக்குப் பொருத்தமும் அதுதான். அவற்றுக்கும் கரி வடிகட்டி உள்ள முகமூடி கட்டாயம் வேண்டும். தின்னர் ஆவி காற்றைவிடப் பாரமானது, தரையோடு ஊர்ந்து போகும். குசினி அடுப்பை அணையுங்கள், நுளம்புத்திரி கொளுத்தாதீர்கள்.

நிறத்தை மாற்றுவதானால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் மாற்றுங்கள். வண்டியின் சசி இலக்கங்கள் பொறித்த தகட்டின் மேல் பெயின்ற் படாமல் மூடிவிடுங்கள்.

அடித்து முடித்த காரை அன்றிரவே தறப்பாளால் மூடாதீர்கள். அடியில் வியர்க்கும் ஈரம் புதுப் பூச்சில் தடம் பதிக்கும். காற்றோட்டமுள்ள கொட்டிலில் நிறுத்துங்கள். எனாமல் முழுதாக இறுகச் சில வாரங்கள் செல்லும். அதுவரை மெழுகுப் பொலிஷ் வேண்டாம். பறவை எச்சம் விழுந்தால் மட்டும் தாமதிக்காமல் நன்னீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.